பாட்டியின் காடும் கோ லியன் பின்னின் காடும்

போன வருடம் நான் வேலை செய்யும் இடத்தில் மரம் நடும் நாள் ஒன்று வைத்தார்கள். ஆளுக்கொரு டீசட்டை, ஒரு பொட்டலம் நாசி லெமாக், ஒரு மரக்கன்று. நட்டு முடித்த மறுவாரம், அந்தக் கன்றுகள் எத்தனை டன் கார்பனை இழுக்கும் என்று ஆண்டறிக்கைக்குக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார்கள். எஞ்சினியர் என்றால் எல்லாக் கணக்கும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் போட்டுக் கொடுத்தேன். கன்றுகளின் எண்ணிக்கை, ஒரு மரத்துக்கு வருடத்துக்கு இத்தனை கிலோ, பெருக்கினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. அறிக்கையில் அந்த எண் பச்சை நிறத்தில் பெரிதாக வந்தது. அது வருவதற்குள் பாதிக் கன்றுகளைப் புல் வெட்டும் மிஷின் சாய்த்துவிட்டிருந்தது. அது மட்டும் அறிக்கையில் வரவில்லை.

வீட்டில் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நாலு கன்ன நட்டா காடாப்பா? நாங்க இருந்தமே, அது காடு" என்றார். பாட்டி இருந்தது ரப்பர் தோட்டம். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் போனது தன் நெரைக்கு. ஆனால் கேட்டால் "காட்டுக்குப் போனேன்" என்றுதான் சொல்வார். அவர் மட்டுமல்ல. மருந்தடிப்பதும் புல் வெட்டுவதும் 'வெளிக்காட்டு வேலை'. அகிலன் மலேசியத் தோட்டத் தொழிலாளர்களை வைத்து 1970களில் எழுதிய நாவலுக்குப் பெயரே 'பால்மரக் காட்டினிலே'. கோடு பிடித்து வரிசையாக நட்ட ஒரே இன மரங்களை நாம் கூசாமல் காடு என்று சொல்லி வந்திருக்கிறோம்.

இது தமிழர் அறியாமை என்று சிரித்துவிட முடியாது. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் அப்படித்தான் சொல்கிறது. அதன் வரையறைப்படி அரை ஹெக்டருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயரும் மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் நிழல்பரப்பு இருந்தால் அது காடு. ரப்பர் அதில் சேரும், செம்பனை சேராது. ஆக, பாட்டியும் ஐ.நா.வும் ஒரு கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் சூழலியல் ஆய்வாளர்கள். அவர்களில் நம் வட்டாரத்தைப் பற்றி அதிகம் எழுதியவர்களில் ஒருவர் கோ லியன் பின். அவருடைய கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கியது இந்தச் சொல் வழக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான். வாசித்து முடித்தபோது வழக்கு இன்னும் பெரிதாகிவிட்டது.

கோ சிங்கப்பூர்க்காரர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். காட்டையும் உராங்உத்தான் கூடுகளையும் வானிலிருந்து எண்ணுவதற்கு மலிவு விலை டுரோன்களைப் பயன்படுத்தலாம் என்று 2012 வாக்கில் செர்ஜ் விச்சுடன் சேர்ந்து செய்து காட்டியவர். இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்கைவழிக் காலநிலைத் தீர்வுகளுக்கான ஆய்வு மையத்தை வழிநடத்துகிறார். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினராகவும் இருந்திருக்கிறார். இவர் சொல்வது ஆய்வு இதழோடு நின்றுவிடுவதில்லை, கொள்கை எழுதுகிறவர்களின் மேசை வரை போகிறது. அதனால்தான் இவரைக் கவனமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

'இயற்கைவழிக் காலநிலைத் தீர்வு' என்ற சொல்லுக்கு ஒரு சின்ன விளக்கம். மரம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துத் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. ஒரு மரத்தைக் காயவைத்து எடை போட்டால் ஏறக்குறைய பாதி கார்பன்தான். காட்டை அழித்தால் அது திரும்பக் காற்றுக்குப் போகும், காத்தால் மண்ணிலும் மரத்திலும் நிற்கும். காட்டைக் காப்பது, மீண்டும் வளர்ப்பது, சதுப்பு நிலங்களையும் கண்டல் காடுகளையும் பேணுவது என 20 வழிகளைச் சேர்த்து பிரான்சன் கிரிஸ்கமும் அவருடைய குழுவும் 2017இல் ஒரு கணக்குப் போட்டார்கள். புவி வெப்பத்தை 2 பாகைக்குள் கட்டுப்படுத்த 2030 வரை செய்ய வேண்டிய குறைப்பில், கட்டுப்படியாகும் செலவில் 37 விழுக்காட்டை இந்த வழிகளே தரும் என்றது அந்தக் கட்டுரை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க மரம் நடும் டீசட்டைகள் பெருகின.

கோவின் மூன்று கட்டுரைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் கூட ஆசிரியர்கள் உண்டு. வரிசையாக வாசித்தால் ஒரே மனதின் நகர்வு தெரிகிறது.

முதலாவது, 2008இல் டேவிட் வில்கோவுடன் எழுதியது. செம்பனை விவசாயம் உண்மையிலேயே வெப்பமண்டல உயிர்வளத்தை அழிக்கிறதா என்பதுதான் தலைப்பே. அந்தக் காலத்தில் செம்பனைத் தரப்பில் சிலர், "நாங்கள் காட்டை அழிப்பதே இல்லை, பழைய தோட்டங்களில்தான் நடுகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோவும் வில்கோவும் ஆவேசப்படவில்லை. உணவு, வேளாண் அமைப்பிடம் நாடுகள் கொடுத்த நிலக்கணக்கையே எடுத்தார்கள். 1990 முதல் 2005 வரை மலேசியாவில் செம்பனை விரிந்த பரப்பில் 55 முதல் 59 விழுக்காடு காட்டைத் தின்றுதான் விரிந்தது என்று காட்டினார்கள். இந்தோனேசியாவில் குறைந்தது 56 விழுக்காடு. அடுத்து, மலேசியக் காடுகளிலும் தோட்டங்களிலும் எடுக்கப்பட்ட பறவை, வண்ணத்துப்பூச்சிக் கணக்குகள். கன்னிக்காடோ ஒருமுறை மரம் வெட்டப்பட்ட காடோ, எதைச் செம்பனையாக மாற்றினாலும் இழப்பு மிகப் பெரிது. ரப்பரைச் செம்பனையாக மாற்றினால் இழப்பு குறைவு. ஆகவே அவர்கள் சொன்ன தீர்வு: இனிமேல் செம்பனை விரிய வேண்டுமென்றால் ஏற்கெனவே பயிரிட்ட நிலத்திலும் சீரழிந்த நிலத்திலும் மட்டும் விரியட்டும்.

கட்டுரை ரொம்பச் சிறியது, நாலைந்து பக்கம்தான். வாதம் கத்தி மாதிரி. எதிராளியின் கணக்குப் புத்தகத்தை வைத்தே எதிராளியை மடக்குவது எனக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை வெட்டப்பட்ட காட்டையும் விடாதீர்கள் என்று சொன்னது அதைவிட முக்கியம். "இது ஏற்கெனவே வெட்டின காடுதானே" என்று சொல்லித்தான் நம் நாட்டில் பாதிக் காரியம் நடக்கிறது.

ஆனால் 'ஏற்கெனவே பயிரிட்ட நிலம்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த நிலம் எது? ரப்பர். அதாவது பாட்டி காடு என்று சொன்ன அதே இடம்.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறுவது என்றால் என்னவென்று தோட்டத்து ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பர் மரத்துக்குக் கை வேண்டும். ஒருவர் ஒரு நெரையில் சில நூறு மரங்களை விடியும் முன்னே வெட்டி, வெயில் ஏறியதும் பாலெடுக்க வேண்டும். பெண்கள் சமமாக நின்று செய்த வேலை அது. செம்பனைக்கு அவ்வளவு கை தேவையில்லை. குலை அறுக்கப் பத்துப் பதினைந்து நாள் சுற்று. நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிக் குலையைச் சாய்க்க ஒருவர், உதிரிப் பழம் பொறுக்க ஒருவர், ஏற்ற ஒரு வண்டி. அந்த வேலைக்கும் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தோட்டம் அதே இடத்தில், அதே பெயரில் இருந்தது. லயத்தில் இருந்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள். எங்கள் பாட்டியின் தோட்டம் மாறியபோது தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள், கோயிலுக்குத் திருவிழா எடுக்க ஆள் குறைந்தது. அப்பாவின் வயதுக்காரர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். மலாக்கா முழுக்க, ஏன், மேற்குக் கரை முழுக்க இதே கதைதான்.

2008ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்த மாற்றத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை பறவை இனம் குறைந்தது, எத்தனை வண்ணத்துப்பூச்சி இனம் குறைந்தது என்ற கணக்கு. எத்தனை வீடு குறைந்தது என்பதற்கு ஒரு பத்தி கூட இல்லை.

இங்கே ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தார். "டேய், அது பறவைக் கட்டுரைடா. அதுல போய் உங்க பாட்டியத் தேடினா எப்படி?" நியாயமான கேள்வி. கோ சமூகவியல் எழுதவில்லை. எங்கள் தோட்டம் மாறியதற்கு அவர் காரணமும் இல்லை, மாற்றத்தின் பெரும்பகுதி அந்தக் கட்டுரைக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் கட்டுரை பறவையோடு நிற்கவில்லையே. எங்கே நட வேண்டும், எங்கே நடக் கூடாது என்று பரிந்துரை சொல்கிறது. பரிந்துரை என்று வந்துவிட்டால் அந்த நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நான் கேட்பது பாட்டியின் கண்ணீரை அல்ல. அட்டவணையில் ஒரே ஒரு கூடுதல் பத்தியை.

இன்னொன்று, தொடக்க வருடம். 1990இல் கணக்கைத் தொடங்கினால் மலாக்கா ஏற்கெனவே குற்றமற்ற நிலம். இழக்கக் காடே பெரிதாக இல்லை. ஆனால் எந்த வருடத்தில் கதையைத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தானே யார் காட்டை அழித்தவர் என்பது முடிவாகிறது? ரெம்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தாபோ நானிங்கை எடுத்துக்கொள்வோம். நானிங் போரின் இரண்டாவது படையெடுப்பில், 1832இல், கம்பெனிப் படை மலாக்காவிலிருந்து அங்கே வர மாதக்கணக்கில் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே வந்தது. அதில் மெட்ராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். நம் ஆட்களில் சிலர் இங்கே வந்ததும் கையில் கோடாலியோடுதான் போலிருக்கிறது. பிறகு அதே நூற்றாண்டில் மரவள்ளித் தோட்டங்கள் வந்தன. மண் சலித்ததும் அடுத்த காட்டை வெட்டிக்கொண்டு நகர்ந்தன, விட்டுப்போன இடத்தில் லாலாங் புல் முளைத்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். மலாயாவின் வணிக ரப்பர் தோட்ட வரலாறு தொடங்குவது அங்கே, இதே மலாக்காவில். ஆக, காடு, மரவள்ளி, லாலாங், ரப்பர், செம்பனை, இப்போது தாமான். இந்த அடுக்கில் எந்த அடுக்கைக் 'காடு' என்று வைத்து மற்றதைச் 'சீரழிவு' என்று சொல்வது? கோவின் கட்டுரை இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. புள்ளிவிவரம் கிடைத்த வருடத்தில் கதை தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது கட்டுரை 2020இல் வந்தது. செங் யிவென் முதல் ஆசிரியர், கோவும் ஒருவர். தென்கிழக்காசியாவில் காட்டை மீண்டும் வளர்த்தால் எவ்வளவு கார்பனை இழுக்கலாம் என்பது கேள்வி. மண், மழை, தட்பவெப்பம் மட்டும் பார்த்தால் 121 மில்லியன் ஹெக்டர் ஏற்ற நிலம் இருக்கிறது. அறிக்கை எழுதுகிற ஆட்கள் இந்த எண்ணோடு எழுந்து போய்விடுவார்கள். இவர்கள் போகவில்லை. பணம், நிலப் பயன்பாடு, நடைமுறை என்று மூன்று வகைத் தடைகளை ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்தத் தடையை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, மிஞ்சுவது அந்தக் கார்பன் பலனில் வெறும் 0.3 முதல் 18 விழுக்காடு.

இந்தத் துறையில் இது பெரிய நேர்மை. தன் துறையே விற்றுக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையை, தன் கையாலேயே ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிக் காட்டுவது எளிதல்ல. ஒரு மரம், ஒரு கிலோ, பெருக்கல் என்று ஐந்து நிமிடத்தில் முடித்த என் கணக்கை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் ஒரு சொல் உறுத்தியது. தடை. அந்த நிலத்தில் ஏற்கெனவே பயிரிட்டு வாழ்கிறவர்கள் இந்தக் கட்டுரையில் ஒருவழியாக வந்துவிட்டார்கள். 2008இல் இல்லாதவர்கள் 2020இல் இருக்கிறார்கள், அது முன்னேற்றம்தான். ஆனால் கணக்கைக் குறைக்கும் ஒரு காரணியாகத்தான் இருக்கிறார்கள். மண்ணும் மழையும் 'வாய்ப்பு', ஆட்கள் 'தடை'. வரைபடத்தில் நிலத்துக்கு நிறம் கொடுத்துவிட்டுக் கடைசியில் மனிதர்களைக் கழித்துக்கொள்கிற வரிசை இது. முதலில் மனிதர்களைக் கேட்டுவிட்டுப் பிறகு நிறம் கொடுத்தால் வேறு வரைபடம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது 2021ஆம் ஆண்டுக் கட்டுரை. வெப்பமண்டலக் காடுகளில் கார்பன் தேடுவது பற்றியது. தலைப்பில் அவர்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் தங்கம் தேடுகிறவனுக்கும் ஈயம் தேடுகிறவனுக்கும் உரியது. நிலத்துக்கடியில் எங்கே கனிமம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அலைகிறவனுடைய சொல். இந்தத் தீபகற்பம் அந்தச் சொல்லை நன்றாக அறியும். ஈயம் தேடி வந்தவர்கள் தோண்டிய குட்டைகள் இன்னும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் கிடக்கின்றன. அதே சொல்லைக் காட்டைக் காப்பாற்றும் கட்டுரைக்கு வைக்கும்போது ஆசிரியர்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்களா?

உள்ளே இருப்பது வேறு விஷயம். அப்போதைய கார்பன் சந்தை விலையில், வெப்பமண்டலக் காடுகளைக் காப்பதால் வருடத்துக்கு 1.8 பில்லியன் டன் அளவுக்கு முதலீடு செய்யத்தக்க கார்பன் கிடைக்கும் என்கிறார்கள். அதன் நிகர மதிப்பு வருடத்துக்கு 46 பில்லியன் டாலர், அதில் பாதிக்கு மேல் ஆசிய பசிபிக் வட்டாரத்தில். பத்திரிகைகளுக்குப் பிடித்த எண் இது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்தது. இப்படிப் பார்க்கப்பட்ட இடங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு, அதாவது 1.24 பில்லியன் ஹெக்டர், போட்ட பணத்தைத் திருப்பித் தராது. சந்தையை மட்டும் நம்பினால் அந்தக் காடுகளுக்கு ஆதரவில்லை, வேறு பாதுகாப்பு வழிகளும் கட்டாயம் வேண்டும் என்று கட்டுரையே முடிக்கிறது.

இதில் ஒரு கசப்பான தர்க்கம் ஒளிந்திருக்கிறது. கார்பன் கடன் கிடைக்க வேண்டுமென்றால், பணம் வராவிட்டால் இந்தக் காடு அழிந்திருக்கும் என்று காட்ட வேண்டும். ஆபத்தில்லாத காட்டுக்கு விலை கிடையாது. நல்ல பிள்ளையாக இருக்கிற பிள்ளைக்குச் சோறு இல்லை, ஓடிப்போவேன் என்று மிரட்டுகிற பிள்ளைக்குத்தான் சோறு. கோ இந்தத் தர்க்கத்தை உருவாக்கியவர் அல்ல, சந்தையின் விதி அது. அந்த விதிக்குள் நின்று கணக்குப் போட்டு, அதன் எல்லையையும் அவரே சொல்லிவிடுகிறார். எல்லையைச் சொன்ன பிறகு எல்லைக்கு வெளியே என்ன செய்வது என்பதற்கு ஒரு வாக்கியம்தான் மிஞ்சுகிறது.

சரி, காட்டையும் தோட்டத்தையும் பிரித்துக் கோடு போட்டுவிட்டால் காடு பிழைத்துவிடுமா? 2008ஆம் ஆண்டுப் பரிந்துரையின் அடியில் இருப்பது அந்த நம்பிக்கைதான். இதற்குப் பதில் எங்களுக்குப் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில், கெப்போங் ஃபிரிம் நிறுவனம் 1980களின் நடுவில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள். அந்த முதல் கணக்கெடுப்பின் கட்டுரைகளில் என். மனோகரன், கே. எம். கொச்சும்மன் என்ற பெயர்களைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பாசோவின் மூன்று பக்கமும் செம்பனை. மேத்யூ லஸ்கினும் குழுவும் அந்தக் காட்டின் பல வருடத் தரவை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செம்பனைப் பழத்தைத் தின்று காட்டுப்பன்றிகள் நூறு மடங்கு பெருகியிருந்தன. குட்டி போடும் பன்றி இளமரங்களை ஒடித்துக் குவித்துக் கூடு கட்டும். அதற்காக அது காட்டுக்குள் போகும். விளைவு, தோட்ட எல்லையிலிருந்து 1.3 கிலோமீட்டருக்கும் அப்பால், யாரும் கோடாலி வைக்காத காட்டில், 24 வருடத்தில் இளமரங்களின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்துவிட்டது. பெரிய மரங்கள் நிற்கின்றன, கார்பன் கணக்கும் இப்போதைக்கு நிற்கிறது. அவற்றுக்குப் பிறகு வர வேண்டிய பிள்ளைகள் இல்லை. இதை வாசித்தபோது தோட்டத்தை நினைத்தேன். லயத்தில் பெரியவர்கள் நின்றார்கள், பிள்ளைகள் இல்லாமல் போனார்கள்.

பன்றி பழத்துக்குத் தோட்டத்துக்கு வருவதும் விடிந்தால் காட்டுக்குள் மறைவதும் தோட்டத்து ஆளுக்கு எப்போதும் தெரிந்த சங்கதி. "பன்னிக்கு ஏது வேலி?" என்பார் எங்கள் தாத்தா. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 24 வருடத் தரவு தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல மாட்டேன், 62 விழுக்காடு என்ற எண்ணைத் தாத்தாவால் தந்திருக்க முடியாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று முன்னமே காட்டியிருப்பார்.

கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நம்மைப் போலவே தோட்டத்தில் வளர்ந்த தமிழர்கள் வாழும் இன்னொரு ஊர் வால்பாறை, ஆனைமலையில். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தின் வழியே இருபது வருடத்துக்கும் மேலாக அந்தத் துண்டுகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நட்டு வருகிறார்கள், தோட்ட நிறுவனங்களோடு பேசி, தோட்டத்து நிலத்திலேயே. ஆனந்த் ஒசூரி முதல் ஆசிரியராக 2019இல் வந்த ஆய்வு, சும்மா விட்ட துண்டுகளைவிட இப்படிப் பராமரித்த துண்டுகளில் மர இனங்களும் கார்பனும் கூடுதலாக மீண்டிருப்பதைக் காட்டியது. தேக்கு, யூகலிப்டஸ் போன்ற ஓரினத் தோப்புகளைவிடப் பல இனங்கள் கலந்த இயற்கைக் காட்டில் கார்பன் சேர்வது வறட்சி வருடத்திலும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை என்றது 2020ஆம் ஆண்டு ஆய்வு. அதே ஊரில் அதே கழகம், யானை எங்கே நிற்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் வைத்துச் சொல்லும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறது. காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் லயத்தில் இருக்கிறவர் உயிரோடு வீடு திரும்புவதைப் பற்றியும் பேசுகிறார்கள். இதில் தோட்டம் 'ஏற்கெனவே பயிரிட்ட நிலம்' மட்டுமல்ல, ஆட்கள் 'தடை' மட்டுமல்ல.

கோவின் வேலை செயற்கைக்கோள் உயரத்தில் நடப்பது, வால்பாறை வேலை கால்நடையாக நடப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். உலகக் கணக்கை யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். அதைப் போட்டவர்களில் கோ நேர்மையானவர். தன் பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்ன எண்ணையும் எழுதுகிறவர். என் குறை அவருடைய எண்களில் இல்லை, அந்த எண்களுக்கு அவர் வைக்கும் பெயர்களில் இருக்கிறது. இந்தப் பெயர்கள் ஆய்விதழிலிருந்து கிளம்பி ஏதாவது ஒரு திட்ட வரைவுக்குள் வந்து உட்காரும்போது அவற்றுக்கு வேறு பலம் வந்துவிடுகிறது.

நம் நாட்டில் 'லாடாங் ஹுத்தான்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. தமிழில் சொன்னால் காட்டுத் தோட்டம். வணிக மரங்களை நட்டு வளர்க்கும் திட்டம், அதில் ரப்பர் முக்கியமான மரம். கிளந்தானில் வனக்காப்பு நிலங்களிலேயே இயற்கைக் காட்டை வழித்துவிட்டு இப்படி நட்டிருக்கிறார்கள். ஏட்டில் அது இன்னும் காடுதான். நாட்டின் நிலத்தில் பாதியாவது காடாக இருக்கும் என்று 1992இல் ரியோ மாநாட்டில் கொடுத்த வாக்குக்கும் பங்கமில்லை. பாட்டி ரப்பரைக் காடு என்று சொன்னதில் வாழ்க்கை இருந்தது. இங்கே அதே சொல் ஒரு காட்டை மறைக்கப் பயன்படுகிறது. இந்த இடத்தில் நான் பாட்டியை விட்டுவிட்டுக் கோவின் பக்கம் போய் நிற்கிறேன். ரப்பர் காடு அல்ல. பாசோ காடு. அதை 2008இலேயே எண் வைத்துச் சொன்னவர் அவர். பாட்டிக்கு இதைச் சொன்னால் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நாங்க வர்றதுக்கு முன்ன அங்க பெரிய காடு இருந்துச்சாம். எங்க அப்பா சொல்வாரு. அவங்கதான் வெட்டினாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதையும் எழுதிக்க" என்றார்.

இந்த வருடமும் கணக்குக் கேட்டார்கள். போன வருடத்துக் கன்றுகளை எண்ணிவிட்டுத்தான் தருவேன் என்றேன். ஒரு சனிக்கிழமை காலை போய், இருப்பதை மட்டும் எண்ணி எழுதினேன். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அறிக்கையில் வருமா என்று தெரியவில்லை.